கற்றையை வெளியே எடுப்பது: கடிதம்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துகள் முடுக்கியில் வேகம் ஏற்றுவதுதானே கஷ்டம், சுற்றுகிற துகள் கற்றையை வெளியே விடுவதில் இத்தனை வருஷம் ஆராய என்ன இருக்கிறது? எங்கள் ஜங்ஷனில் பாயிண்ட் மாற்றி வண்டியை வேறு லைனில் விடுவது போலத்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாயிண்ட் உவமை பாதி தூரம் சரியாக வருகிறது. மொத்தக் கற்றையையும் ஒரே சுற்றில் வெளியே தள்ள கிக்கர் காந்தம் செய்வது அதைத்தான். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் முடுக்கி வளையத்தில் இதற்காகவே கற்றையில் 3 மைக்ரோசெகண்ட் இடைவெளியைக் காலியாக விட்டிருக்கிறார்கள், அதற்குள் காந்தம் முழு பலத்துக்கு வந்துவிட வேண்டும்.

ஆனால் பல சோதனைகளுக்கும், சின்க்ரோட்ரான் என்ற வளைய முடுக்கியில் செய்யும் புற்றுநோய் சிகிச்சைக்கும் கற்றை ஒரேயடியாக வந்தால் பயனில்லை, சில நொடிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும். அதனால் ஓரத்துத் துகள்களை அறுமுனைக் காந்தங்களால் வேண்டுமென்றே நிலைகுலைய வைத்து, மூன்று சுற்றுக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம் விலகிப் போகச் செய்து, மெல்லிய கம்பிகளை வரிசையாகக் கட்டிய செப்டம் என்ற தடுப்பைத் தாண்ட விடுகிறார்கள். கம்பி மேலேயே விழுகிற துகள்கள்தான் தொல்லை. நூற்றில் ஒன்று விழுந்தாலும் அந்த இடத்தில் கதிரியக்கம் ஏறிவிடும், பழுது பார்க்க ஆள் உள்ளே போவதே சிரமமாகும். கற்றையின் செறிவை எதுவரை கூட்டலாம் என்பதைப் பெரும்பாலும் இந்த இழப்புதான் முடிவு செய்கிறது.

கம்பியை மெலிசாக்க ஒரு எல்லை உண்டு. அதனால் கற்றையையே கம்பியிலிருந்து விலக வைத்தார்கள், எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான். செர்னில் எஸ்.பி.எஸ். என்ற இன்னொரு முடுக்கி வளையத்தில் வளைத்த சிலிக்கான் படிகம் ஒன்றை வைத்தார்கள், கம்பியில் விழப்போகிற துகளை அதன் அணு அடுக்குகள் முன்கூட்டியே திருப்பிவிடும். 2018 சோதனையில் இழப்பு சுமார் 40 சதவீதம் குறைந்தது. அங்கேயே உள்ள பி.எஸ். என்ற சிறிய வளையத்தில் வேறு வழி: கற்றையை ஐந்தாகப் பிரித்து, நடுவில் உண்டாகும் காலி இடத்தில் தடுப்பு வரும்படி செய்வது. 2015 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி.யில் சிகிச்சைக்கு வைத்திருக்கும் லினாக் என்ற நேர்கோட்டு முடுக்கியில் இந்தச் சிக்கல் இல்லை, எலக்ட்ரான் நேராக ஓடி மறுமுனையில் வந்துவிடும். சுற்ற வைத்தால்தான் இந்தப் பாடு.

சரி, கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள். ஒரு புள்ளியை ஒவ்வொரு முறையும் 120 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சுழற்றி, இடப்பெயர்ச்சியின் வர்க்கத்துக்கு ஏற்ப வேகத்தில் ஒரு தள்ளல் கொடுங்கள். பல தொடக்கப் புள்ளிகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்தால் நடுவில் ஒரு முக்கோணமும், மூலைகளிலிருந்து வெளியே ஓடும் மூன்று கைகளும் தெரியும். செப்டத்தை அதில் எந்தக் கையில், எவ்வளவு தள்ளி வைப்பீர்கள் என்று எழுதுங்கள்.