கொய்யாத் தோப்பைத் தேடி வரும் வௌவால்கள்: வெடி போடலாமா?

கேள்வி: பழனி ஆயக்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொய்யா வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் முன்பு பெரிய வௌவால் கிடையாது. இப்போது சில வருஷமாக ஆவணி, புரட்டாசியில் குளக்கரைப் புளியமரத்தில் கூட்டமாக வந்து தொங்குகின்றன. அடைமழை தொடங்கியதும் போய்விடுகின்றன. பழம் நிறையச் சேதம். வெடி போட்டு விரட்டலாமா ஐயா?

பதில்: வெடி வேண்டாம். 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பெரிய பழந்தின்னி வௌவால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. விரட்டினாலும் பக்கத்து மரத்துக்குத்தான் போகும். ஆல், அத்தி, வேம்பு எங்கே பழுக்கிறதோ அங்கே இடம் மாறுவது அதன் வழக்கம். காலங்காலமாகத் தங்கிய மரத்தை வெட்டிவிட்டாலும் புது ஊர் தேடி வரும்.

ஆனால் உங்கள் பழத்தைத் தின்பது புளியமரத்துக் கூட்டம்தானா? எனக்குச் சந்தேகம். விடிந்ததும் தோப்புக்குள் நடந்து பாருங்கள். பெரிய வௌவால் மரத்திலேயே தொங்கித் தின்னும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பும். அந்த உருண்டைகள் கொய்யா மரத்தடியிலேயே கிடக்கும். குட்டை மூக்கு வௌவால் கைக்குள் அடங்கும் அளவுதான். அது சின்னப் பழத்தையோ கடித்த துண்டையோ தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் தின்னும். வரப்புப் பனையின் அடியில் சக்கையும் கொய்யா விதையும் சிதறியிருந்தால் ஆள் அதுதான். அது வருஷம் முழுக்க உங்கள் ஊரிலேயே இருப்பது. கண்ணில் படாததால் பழி பெரியதன் மேல் விழுகிறது. பகலில் சேதம் என்றால் கிளியையும் அணிலையும் பாருங்கள்.

எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஃபோம் நெட் (பழத்துக்கு மாட்டும் மெத்தென்ற வலையுறை) மாட்டி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டுங்கள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வேண்டும். ஆள்கூலி ஆகும்தான், ஆனால் பழ ஈயும் அண்டாது, பழமும் பளபளப்பாக நல்ல விலைக்குப் போகும். கரும்பச்சை வெளிறியதும் பறித்துவிடுங்கள். மரத்தில் பழுக்க விட்டால் வாசனையே அழைத்து வரும். மெல்லிய நைலான் மீன்வலையை மட்டும் தொங்கவிடாதீர்கள். வௌவால், ஆந்தை எல்லாம் சிக்கிச் சாகும். வலைதான் போடுவேன் என்றால் விரல் நுழையாத கண்ணுள்ளதாக வாங்கி, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள்.

இலவம், இலுப்பைப் பூக்களுக்கு இரவில் மகரந்தம் சேர்ப்பதும் இந்த வௌவால்கள்தான். போடிப் பக்கம் இலவந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதை விரட்ட நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், கடிபட்ட பழத்தை வெட்டிச் சாப்பிடுவதோ ஆடு மாட்டுக்குப் போடுவதோ கூடாது. 1998-99இல் மலேசியாவில் பன்றிகளுக்கு நிபா வந்தது, பண்ணையை ஒட்டிய மரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தால்தான் என்று கருதப்படுகிறது. கையுறை போட்டுப் பொறுக்கி, குழியில் கொட்டி மூடிவிடுங்கள்.