ஸ்டாண்டர்ட் எங்கே கிடைக்கும்? யாரைக் கேட்பது?

ஐயா, ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்புகிறோம். அங்கே விதி மாறுவது முன்கூட்டியே தெரிய வழி உண்டா? பி.சி.பி. சமயத்தில் சரக்கு திரும்பி வந்ததை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். (ஆம்பூர்)

அப்பா சொல்வது நிஜம். வெட் புளூ தோலில் (குரோமில் பதப்படுத்திய ஈரத் தோல்) பூஞ்சை பிடிக்காமலிருக்க பென்டாகுளோரோபீனால், அதாவது பி.சி.பி., போடுவது அப்போது சாதாரணம். 1989 டிசம்பரில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கு உள்ளே போகாது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாமே ஆடிப்போயின. மாற்று மருந்து இருந்தது. சேதி நேரத்துக்கு டேனரி வாசலுக்கு வரவில்லை, அதுதான் அடி.

1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பின் டி.பி.டி. (வர்த்தகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள்) ஒப்பந்தப்படி ஒவ்வொரு உறுப்பு நாடும் ஒரு விசாரணை மையம் வைத்தாக வேண்டும். நமக்கு அது டெல்லியில் உள்ள பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தரநிலைப் பணியகம். வர்த்தகத்தைப் பாதிக்கும் புது விதி என்றால் வரைவாக இருக்கும்போதே அறிவிக்க வேண்டும். கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள். இந்த அறிவிப்புகளைத் தரும் ‘ஈபிங்’ (ePing) இணையதளத்தில் தோல், காலணி என்று குறித்துப் பதிந்துவிட்டால் அறிவிப்பு மெயிலில் வரும், காசில்லை.

ஆனால் ஒன்று. பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி, கொடுக்கும் ரசாயனத் தடைப் பட்டியல் இதிலெல்லாம் வராது. தோலில் உண்டாகக்கூடிய நச்சு வகையான குரோமியம்-6க்கு ஐரோப்பியச் சட்டம் 2015 மே முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்கிறது. பையர் அதைவிடக் கறாராகக் கேட்கலாம். அதை அவரிடமே எழுத்தில் வாங்குங்கள்.

நூலக அறிவியல் படிக்கிறேன். அமெரிக்காவின் தரநிலைத் தகவல் மையம் பற்றி செமினார். எங்கிருந்து தொடங்கலாம்? (காட்பாடி)

அங்கே ஸ்டாண்டர்ட் எழுதுவது ஒரே அரசு அமைப்பு அல்ல, நூற்றுக்கணக்கான தனிச் சங்கங்கள். எது யாரிடம் இருக்கிறது என்று தேடுவதே தனி வேலை. அங்கிருந்து தொடங்குங்கள். 1901இல் பிறந்த தேசியத் தர அளவைப் பணியகம் 1965இல் இதற்கென்று ஒரு தகவல் சேவையைத் திறந்தது. 1971இல் கம்ப்யூட்டரில் தயாரித்த ‘க்விக்’ (KWIC) என்ற ஸ்டாண்டர்ட் அட்டவணையை வெளியிட்டார்கள். தலைப்பிலுள்ள முக்கியச் சொல் ஒவ்வொன்றும் அகரவரிசையில் வரும்: ‘தோல் காலணித் தையல் நூல்’ என்றால் தோலில் தேடினாலும் கிடைக்கும், நூலில் தேடினாலும் கிடைக்கும். இன்றைய தேடுபெட்டிக்குப் பாட்டி என்றே சொல்வேன். 1979 வர்த்தக ஒப்பந்தச் சட்டம் வந்த பிறகு, வெளிநாட்டு விதிகளைக் கேட்கும் இடமாகவும் அது மாறியது. பணியகத்தின் பெயர் 1988இல் என்.ஐ.எஸ்.டி. (தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம்) ஆனது. பழைய பெயரில் தேடாவிட்டால் பாதி ஆவணம் கையில் சிக்காது.

ஐ.எஸ்.ஐ., பி.ஐ.எஸ். இரண்டும் ஒன்றா? (குடியாத்தம்)

நிறுவனம் 1947இல் ஐ.எஸ்.ஐ.யாகத் தொடங்கியது; 1987 ஏப்ரல் 1இல் பி.ஐ.எஸ். ஆனது. முத்திரையில் மட்டும் பழைய பெயர் நின்றுவிட்டது. நெசவு ஊர்க்காரர் நீங்கள், இதையும் கேளுங்கள்: இந்தியத் தரநிலைகளில் ‘ஐ.எஸ். 1’ என்ற முதல் எண் நம் தேசியக் கொடிக்குரியது.

ஸ்டாண்டர்ட் ஒன்றின் பழைய ஜெராக்ஸ் கிடைத்தது. அதை வைத்து டெஸ்ட் செய்யலாமா? (ராணிப்பேட்டை)

வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டைப் பாருங்கள். இடையில் திருத்தம் வந்திருக்கலாம், ஸ்டாண்டர்டே விலக்கப்பட்டிருக்கலாம். இந்தியத் தரநிலைகளில் பெரும்பாலானவற்றை பி.ஐ.எஸ். தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கலாம். திருத்தத் தாள்களையும் சேர்த்து இறக்குங்கள். ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் தரநிலைகளுக்குக் காசு உண்டு.