தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும்

கேள்வி: சுகததாச நீச்சல் தடாகத்தில் மகள் பயிற்சி எடுக்கிறாள். 50 மீட்டரில் கடைசிப் பத்து மீட்டர் வந்ததும் இழுபடுகிறாள். "தலையைக் கீழே வை" என்று பயிற்றுவிப்பாளர் கத்துகிறார். தலைக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? (ஒரு தாய், கொட்டாஞ்சேனை)

பதில்: நிறையச் சம்பந்தம் இருக்கிறது, அம்மா. தலை நாலரை, ஐந்து கிலோ வரும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்தப் பாரத்தைத் தண்ணீரே சுமக்கும். வெளியே தூக்கினால் உடம்பு சுமக்க வேண்டும். நம்மை மிதக்க வைப்பது நெஞ்சுக்குள் இருக்கும் காற்று. பாரம் கூடியிருப்பதோ இடுப்புப் பக்கம். அதனால் தலை எழும்பியதும் இடுப்பும் காலும் அமிழ்ந்துவிடும். அப்புறம் அவள் சரிந்த உடம்போடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறாள். தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு. வேகம் இரட்டித்தால் அதன் தடை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும்.

அடுத்த முறை தடாகத்தின் பக்கவாட்டில் நின்று குதிகாலைப் பாருங்கள். களைத்துப்போய்ச் சுவரைத் தேடி நாடியை முன்னே நீட்டும் அந்தக் கணத்தில், அதுவரை மேலே நுரை கிளப்பிய குதிகால் காணாமல் போகும். பிறகு அவளைச் சுவரில் உதைத்து, கையடிக்காமல் வழுக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை தரையைப் பார்த்து, ஒரு தடவை எதிர்ச்சுவரைப் பார்த்து. எங்கே நிற்கிறாள் என்று அவளே கண்டால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: தண்ணீர் முன்நெற்றி மயிரில் படவேண்டும், பார்வை முன்னால் இருக்கவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இப்போது மாறிவிட்டதா? (வெள்ளவத்தை)

பதில்: பெரும்பாலும் மாறிவிட்டது. தரையை, அல்லது சற்றே முன்னால் பாருங்கள், பிடரி தளர்ந்திருக்கட்டும். ஆனால் நாடியை நெஞ்சில் ஒட்டாதீர்கள். தலை ஆழப் புதைந்தால் மூச்செடுக்க மேலே வரவே நேரம் போய்விடும்.

கேள்வி: மூச்செடுக்கும்போதெல்லாம் வேகம் குறைகிறது. (பம்பலப்பிட்டி)

பதில்: தலையைத் தூக்குகிறீர்கள் போலிருக்கிறது. உடம்போடு சேர்த்துத் திருப்புங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு வில்லை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். தலை கிளப்பும் அலைக்குப் பின்னால், வாய்க்குப் பக்கத்தில் சிறு பள்ளம் விழும். காற்று அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: கல்கிசைக் கடலில் கரையைப் பார்க்காமல் எப்படி நீந்துவது? (தெகிவளை)

பதில்: முதலை மாதிரி கண்ணை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள், பிறகு முகத்தைத் தாழ்த்தி மூச்சுக்குத் திரும்புங்கள். சில கையடிகளுக்கு ஒருமுறை போதும். தென்மேல் பருவக்காற்று மாதங்களில், தயவுசெய்து, தடாகத்தோடு நில்லுங்கள்.

கேள்வி: மல்லாந்து நீந்தும்போது? (கொட்டாஞ்சேனை)

பதில்: காது இரண்டும் தண்ணீருக்குள். கால்விரலை எட்டிப் பார்க்க வேண்டாம்.