12 அங்குலப் பையும் ஏழரை அங்குல வாயும்: வீட்டுத்தோட்டம் பற்றிய கேள்வி-பதில்

ஆடிப்பட்டம் வந்தால் விதையோடு சேர்ந்து புகாரும் முளைக்கிறது. வந்த கடிதங்களில் தோட்டம் பற்றியவை மட்டும் இங்கே. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: இணையத்தில் 12க்கு 12 அங்குலக் குரோ பேக் (செடி வளர்க்கும் பை) இருபது வாங்கினேன். மண் நிரப்பிப் பார்த்தால் ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை. தக்காளிக்குக் காலையில் தண்ணீர் ஊற்றினாலும் பதினோரு மணிக்கே தலை தொங்கிவிடுகிறது. விற்றவரிடம் கேட்டால், "ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், 12 அங்குலம் சரியாக இருக்கும்" என்கிறார். அளந்தேன், சரியாகத்தான் இருக்கிறது. தப்பு யார் மேல்? (ஆவடி)

ப: உங்கள் மேல் இல்லை. இப்படி ஒரு கடிதம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பையைத் தரையில் தட்டையாகப் போட்டு அளந்திருப்பீர்கள். மண் விழுந்ததும் தட்டைப் பை உருண்டையாகிவிடும். தட்டையில் 12 அங்குல அகலம் என்றால் சுற்றளவு 24. அதை 3.14-ஆல் வகுத்துப் பாருங்கள்: வாயின் விட்டம் ஏழரை அங்குலம் சொச்சம். விளிம்புவரை நிரப்பினாலும் 9 லிட்டர்தான் பிடிக்கும், அடி மடிப்பில் இன்னும் கொஞ்சம் போய்விடும். வட்டமாக அடிப்பாகம் வைத்துத் தைத்த பையில் "12க்கு 12" என்றால் வாயே 12 அங்குலம். அதில் 22 லிட்டர் பிடிக்கும். எண் ஒன்றேதான், மண் மட்டும் பாதிக்கும் கீழே. ஒன்பது லிட்டரில் தக்காளி வேர் எங்கே போகும், ஈரம் எத்தனை மணி நேரம் நிற்கும்?

நாற்றுப்பைகளைத் தட்டையில் அளப்பது பழைய வழக்கம்தான். நர்சரிக்காரருக்கு அது தெரியும், அவர் ஏமாறமாட்டார். அதே பையைக் குரோ பேக் என்று பெயர் மாற்றி, முதல்முறை மாடித்தோட்டம் போடுகிறவரிடம் விற்கும்போதுதான் வினை. பாலை லிட்டரில் விற்கிறார்கள், பெயின்ட்டை லிட்டரில் விற்கிறார்கள். மண் கொள்வதற்கென்றே இருக்கிற பைக்கு எத்தனை லிட்டர் என்று போட என்ன கேடு? போட்டால் விலையை ஒப்பிட்டுவிடுவோம் என்பதுதான் கேடு. 9 லிட்டர்ப் பை 25 ரூபாய், 22 லிட்டர்ப் பை 50 ரூபாய் என்று எழுதிவைத்தால் மலிவு எது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

கடையில் நேரில் வாங்கினால் தையல் டேப் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். பையை விரித்து, வாயைச் சுற்றி அளங்கள். 12 அங்குல வாய் என்றால் டேப் 37 அங்குலத்துக்கு மேல் காட்ட வேண்டும். 24 காட்டினால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். தடிமனையும் கேளுங்கள். நெய்த பைகளில் 200 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) கீழே உள்ளதை நான் தொடுவதில்லை. மலிவாகக் கிடைத்ததே என்று நான் ஒருமுறை வாங்கிக் கத்தரி வைத்த பச்சைப் பைகள் அடுத்த சித்திரை வெயிலில் அப்பளமாக நொறுங்கின. இன்றைக்கும் அந்தக் கத்தரி மண்ணைக் கிளறினால் பச்சை நாராக வருகிறது. விற்றவர் பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களிடம் ஆர்டர் விவரம் இருக்கிறது. விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் "விட்டம்" என்றோ, வட்டப் பையின் படமோ போட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. டேப்போடு பையையும் படமெடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை அந்தப் பைகளில் கீரையும் புதினாவும் போடுங்கள்.

கே: நீல ரோஜா, ஏழு நிற ரோஜா விதை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு மாதமாக முளைக்கவில்லை. எப்படிப் பராமரிக்க வேண்டும்? (நாகர்கோவில்)

ப: பராமரிக்க ஒன்றும் இல்லை. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி உருவாக்கி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த "நீல" ரோஜாவே பார்க்க இளம் ஊதாதான். ஏழு நிறம் என்பது காம்பைப் பிளந்து சாயத் தண்ணீரில் வைத்தது. சாயத்துக்கு விதை கிடையாது.

கே: பால்கனியில் செங்குத்துத் தோட்டம் அமைக்க ஒரு நிறுவனத்துக்கு 48,000 ரூபாய் கொடுத்தோம். தானியங்கிச் சொட்டுநீர் உண்டு, நீங்கள் தொடவே வேண்டாம் என்றார்கள். மேற்குப் பார்த்த சுவர். நாலாவது மாதம் பெரணி, சிங்கோனியம் எல்லாம் கருகிப்போயின. இப்போது "நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை" என்கிறார்கள். என் கணவர், போனது போகட்டும் என்கிறார். (கோயம்புத்தூர்)

ப: போகட்டும் என்று விடாதீர்கள், அம்மா. இது உங்கள் கைக்காசு.

பெரணியும் சிங்கோனியமும் நிழல் செடிகள். மாலை வெயில் நேராக அடிக்கிற சுவரில், கையகலத் தொட்டியில் அவற்றை வைத்தது அவர்கள் செய்த தவறு. இதையெல்லாம் தெரிந்தவர்கள் என்றுதானே காசு கொடுத்தீர்கள்? சொட்டு முனைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் படமெடுங்கள். போர் தண்ணீரில் வடிகட்டி வைக்காமல் விட்டால் மேல்வரிசை முனைகள் அடைத்துக்கொள்வது வழக்கம். குழாய் ஓடுகிற சத்தம் கேட்கும், செடிக்குச் சொட்டு விழாது. "தொடவே வேண்டாம்" என்று வாட்ஸ்ஆப்பில் எழுதியிருந்தால் அது தங்கம், அழித்துவிடாதீர்கள்.

முதலில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு நோட்டீஸ். 15 நாள் கெடு வையுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேவைக் குறைபாடு என்று எழுதுங்கள்.

அந்தச் சுவருக்கு மறுபடி ஏதாவது வைப்பதானால் பத்து மணிப் பூ, தொட்டியில் காகிதப்பூ. இரண்டும் வெயிலைத் தின்று வளரும்.

கே: ஒரு செடிக்கு 1,800 ரூபாய் கொடுத்து "ஆக்சிஜன் செடி" வாங்கியிருக்கிறேன். படுக்கையறைக் காற்று சுத்தமாகுமா? (சேலம்)

ப: ஆகாது. எல்லாரும் காட்டுகிற நாசா ஆய்வு 1989-இல் மூடிய பெட்டிக்குள் நடந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் 2019-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், ஜன்னல் செய்கிற வேலையைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து, அதிகபட்சம் ஆயிரம் செடி வேண்டும் என்றார்கள். ஜன்னலைத் திறங்கள். செடி அழகாக இருந்தால் இருக்கட்டும்.

கே: மாமரத்தடியில் கொரியன் புல் பதித்தோம். மூன்று மாதத்தில் மண் தெரிகிறது. புல் விற்றவர் ஏமாற்றிவிட்டார், வழக்குப் போடலாமா? (தஞ்சாவூர்)

ப: எதற்கு? அவர் கொரியன் புல் கேட்டவருக்குக் கொரியன் புல் கொடுத்திருக்கிறார். அதற்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். உங்கள் மாமரம் நேற்று முளைக்கவில்லையே? நிழலை ஓரளவு தாங்குவது எருமைப்புல். அதுவும் அடர் நிழலில் தங்காது. மரத்தடியில் சருகை விட்டுவையுங்கள், மரத்துக்கும் நல்லது.

கே: ஐந்து கிலோ கோகோ பீட் கட்டி வாங்கி அப்படியே ஊறவைத்துப் பையில் நிரப்பினேன். மிளகாய்ச் செடியின் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போல் இருக்கிறது. நோயா? கடையில் மருந்து தருகிறார்கள். (விழுப்புரம்)

ப: மருந்து வாங்காதீர்கள். உப்பாகத்தான் இருக்கும். தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு, கழுவாத கட்டி என்றால் இலை ஓரத்தில்தான் முதலில் காட்டும். அட்டையில் "ஈசி குறைவானது" என்று போட்டிருக்கிறதா பாருங்கள் (ஈசி என்பது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்), 0.5-க்குக் கீழே இருந்தால் நல்லது. போடவே இல்லையென்றால் கழுவாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு நல்ல தண்ணீரைப் பையின் அடியில் வழிந்தோடும்வரை ஊற்றுங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடியும். முதலில் வழிவது கட்டன் காப்பி நிறத்தில் இருக்கும், வெளுத்து வரும்வரை விடாதீர்கள். அடுத்த முறை வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை பிழிந்தபிறகு நிரப்புங்கள். கோகோ பீட்டில் செடிக்குப் போதுமான சத்து கிடையாது, மண்புழு உரமோ மக்கிய சாணமோ கலக்காமல் மிளகாய் காய்க்காது. ஐந்து கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே என்றால் எடைக்கு மண்ணைச் சேர்த்து அழுத்தியிருக்கிறார்கள், கட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

கே: மாடியில் 24 அங்குலப் பையில் கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா என்று பழத்தோட்டமே போட ஆசை. பத்துப் பை ஆர்டர் செய்துவிட்டேன். மாடி தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார். (திருச்சி)

ப: கடைக்காரர் கட்டடப் பொறியாளரா? ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயக் கணக்கில் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான் சுமை, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. இரண்டடிக்கு இரண்டடிப் பை ஒன்றில் 175 லிட்டருக்கு மேல் பிடிக்கும். மண் கலவை நனைந்தால் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. அந்தப் பை நிற்கிற நாலு சதுர அடிக்குக் கணக்கு 56 கிலோ, நீங்கள் ஏற்றப்போவது மூன்று மடங்கு. இதைக் கேட்காமலா ஆர்டர் போட்டீர்கள்?

பாதிப் பைகளைத் திருப்புங்கள். மீதியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடுகிற கோட்டின் மேல், ஒன்றுக்கொன்று தள்ளி, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம்) வீடு என்றால் ஒன்றுகூட வேண்டாம். பொறியாளரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

கே: தாமரைத் தொட்டி வைத்தால் கொசு வருமா? (புதுச்சேரி)

ப: வரும். கப்பி மீன் நாலு விடுங்கள், வராது.

கே: மண்ணில்லா விவசாயக் குழாய்ப் பெட்டி 14,000 ரூபாய்க்கு வாங்கினோம். "வேலையே இல்லை" என்றார்கள். இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் கீரை எல்லாம் காய்ந்து கிடக்கிறது. இடையில் மின்சாரம் போயிருக்கிறது. (வேளச்சேரி)

ப: குழாயில் மெல்லிய படலமாகத்தான் தண்ணீர் ஓடும். மோட்டார் நின்றால் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். "மின்சாரம் போனால் என்ன ஆகும்?" என்று கேட்காதது உங்கள் பக்கம், சொல்லாமல் விற்றது அவர்கள் பக்கம். விளம்பரத்தில் "பராமரிப்பே வேண்டாம்" என்று எழுதியிருந்தால் அதைக் காட்டி, பேட்டரியோடு கூடிய மோட்டாரை அவர்கள் செலவில் மாட்டித்தரச் சொல்லுங்கள். பேசிப் பார்த்தால் படியும். தண்ணீரின் அமில-கார அளவு 5.5-லிருந்து 6.5-க்குள் நிற்க வேண்டும், சத்துக் கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் வேலை இல்லையாம்.

லெட்யூஸ் வேண்டுமென்றால் இந்தப் பெட்டி சரி. சிறுகீரைக்கு இது எதற்கு? ஆறு அங்குல ஆழத் தட்டு, கொஞ்சம் மண், கொஞ்சம் எரு, 25 நாளில் குழம்புக்கு ஆகிவிடும். கரண்ட் போனாலும் வளரும்.

கே: சந்தையில் வாங்கிய வெண்டை, பாகல் விதைப் பொட்டலம். பாதிகூட முளைக்கவில்லை. பொட்டலத்தில் வெண்டைக்காய் படம் மட்டும்தான் இருக்கிறது. தேதி, ஊர், ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்? (மதுரை)

ப: அந்தப் பொட்டலத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. படம் போட்டவன் முகவரி போடவில்லை, பாருங்கள்.

ஒழுங்கான பொட்டலத்தில் ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், சோதித்த தேதி, செல்லுபடியாகும் நாள் எல்லாம் இருக்கும். விற்கிறவருக்கு 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும், பில் தர வேண்டும். லேபிளும் பில்லும் இருந்து முளைக்கவில்லையென்றால் உங்கள் பகுதி விதை ஆய்வாளரிடம் போங்கள். நுகர்வோர் ஆணையமும் கேட்கும். மோசமான விதை வாங்கிய விவசாயி நுகர்வோரே என்று தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. ஏக்கருக்கு விதைத்தவருக்கு உள்ள உரிமை நாலு தொட்டிக்கு விதைத்தவருக்கும் உண்டு.

வாங்கியதும் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழு விதையாவது முளை விட்டால் மீதியை மண்ணில் போடுங்கள். ரோஸ் நிறத்தில் மருந்து பூசிய விதை என்றால் கையைக் கழுவுங்கள், மிச்சத்தைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.