தாரில் பிளாஸ்டிக் மேலே மிதந்து ஆடை கட்டுகிறதா?
அண்ணாச்சி, வள்ளியூர் ரோடு வேலையில் கேரி பேக் துண்டுகளைக் கொதிக்கிற தாரிலேயே கொட்டிக் கலக்கியதாகவும் கிளறுவதை நிறுத்தினால் ஆடை கட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கட்டத்தான் செய்யும். பாலித்தீன் தாரில் முழுதாகக் கரையாது, எடையும் குறைவு, சும்மா விட்டால் பிரிந்து மேலே வந்துவிடும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழிதான் சரி: சுமார் 160 டிகிரிக்குச் சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துருவலைத் தூவிக் கிளறினால் கல்லெல்லாம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும், அப்புறம் தாரை விடுங்கள். பி.வி.சி. ஒரு துண்டுகூட வேண்டாம், அமில வாயு கிளம்பி ஆட்களின் மூச்சைக் கெடுக்கும். கல் லாரிகள் பிரேக் போட்டுத் தடம் பதிகிற திருப்பத்துக்கு மட்டும் இதை நம்பாமல், எஸ்.பி.எஸ். என்கிற ரப்பர் போன்ற பாலிமர் கலந்து ஆலையிலிருந்தே வருகிற தாரைக் கேட்டு வாங்குங்கள், அது அமுங்கினாலும் மீளும்.