மருந்துக்கடையில் ஒருநாள் டூட்டி: போகலாமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். டி.பார்ம் (பார்மஸி டிப்ளமோ) முடித்து பார்மஸி கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேன். ராயபுரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பார்மஸியில் முழுநேர வேலை, கையில் 19,000 வருகிறது. ஷிப்ட் மாறி மாறி வரும், வாரம் ஒருநாள் ஆஃப். வீட்டுக்காரர் ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார், லோடு இருந்தால்தான் காசு. திருவொற்றியூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் அவர்களுடைய பார்மசிஸ்ட் லீவு போடும் நாட்களில் வந்து நிற்கச் சொல்கிறார்கள், ஒரு நாளைக்கு 900 ரூபாய். இன்னொரு கடைக்காரர், "நீங்க வரவே வேணாம்மா, சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க, மாசம் 5,000 தர்றேன்" என்கிறார். எதை ஒத்துக்கொள்வது? பையன் மூன்றாவது படிக்கிறான்.

பதில்: இரண்டாவது ஆளுக்கு இன்றைக்கே போன் போட்டு முடியாது என்று சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். உட்கார்ந்த இடத்தில் 5,000 வருகிறதே என்று தோன்றும், எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஆனால் அந்தக் கடையின் லைசென்ஸில் உங்கள் பெயர் ஏறிவிட்டால், நீங்கள் ராயபுரத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே பத்தாவது படித்த பையன் கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்று மருந்து விதிகளில், 65-வது விதியில், தெளிவாகவே இருக்கிறது. மருந்துக்கடைகளைச் சோதிக்கிற டிரக் இன்ஸ்பெக்டர் வந்து "பார்மசிஸ்ட் எங்கே?" என்று கேட்டால் கடைக்காரர் உங்கள் நம்பரைத்தான் கொடுப்பார். ஆஸ்பத்திரி பார்மஸி லைசென்ஸிலும் உங்கள் பெயர் இருந்தால் இரண்டு இடத்திலும் மாட்டுவீர்கள். 1948-ஆம் வருட பார்மஸி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. அப்படி நீக்கிவிட்டால் இந்த 19,000-மும் போச்சு.

திருவொற்றியூர் விஷயம் வேறு. நேரில் போய் நின்று உழைத்து வாங்குகிற காசு அது, தாராளமாகப் போகலாம். ஆனால் முதலில் ஆஸ்பத்திரி கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், வேலைக்குச் சேரும்போது யாரும் படிப்பதில்லை. இருந்தால் "என் ஆஃப் நாளில் மாதம் இரண்டு முறை போக அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரரிடம் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள், கையை விட்டுக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கேட்டால் அதன் மேலேயே "இந்தத் தேதி டூட்டிக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

மாதம் இரண்டு முறை என்று ஏன் சொன்னேன் தெரியுமா? நானும் இருபது வருஷத்துக்கு மேல் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன். கல்யாணமான புதிதில் நைட் டூட்டி முடித்து காலை எட்டு மணிக்கு வெளியே வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் போய் நிற்பேன். ஒருநாள் மதியம் மூட்டுவாதத்துக்கு மருந்து வாங்க ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். சீட்டில் மெத்தோட்ரெக்சேட். அது வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடுகிற மாத்திரை, தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து. இது எனக்குத் தெரியாதா? தெரியும். கை மட்டும் தூக்கத்தில் கவரில் "காலை 1" என்று எழுதிவிட்டது. பேத்தி அதைப் படித்துச் சொல்ல, பாட்டி என்னைப் பார்த்து, "இன்னா பா, டாக்டரு செவ்வாய்க்கெழம மட்டும் போடச் சொன்னாரு, நீ டெய்லினு எழுதிக்கீற?" என்றார். அந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்ததால் தப்பித்தோம். அன்றைக்குக் கிடைத்த சம்பளம் 250 ரூபாய்.

அதனால் நைட் டூட்டி முடிந்த காலையில் போகவே போகாதீர்கள், கடைக்காரர் 1,500 தருகிறேன் என்று கெஞ்சினாலும். நடுவில் ஒரு முழு ராத்திரித் தூக்கம் இருக்க வேண்டும். கடைச் சட்டம் எட்டு மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்றெல்லாம் சொல்கிறது, ஆனால் நீங்கள் இரண்டு இடத்தில் நிற்பதைக் கூட்டிப் பார்த்துச் சொல்ல யாரும் வரமாட்டார்கள், உங்கள் கால்தான் சொல்லும். கால் என்றதும் ஞாபகம் வருகிறது: கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது. ஸ்டூல் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

புதுக் கடை என்றால் அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். கும்மிடிப்பூண்டி லைனில் தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர் தாண்டினால் திருவொற்றியூர், ரயிலில் சீக்கிரம் போய்விடலாம், கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று மாரடிக்க வேண்டாம். போனதும் ரேக் கம்பெனி வாரியாக இருக்கிறதா, ஆங்கில எழுத்து வரிசையா என்று பாருங்கள். இன்சுலின் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, எச் 1 மருந்துகளுக்கான (விற்றதைத் தனியாக எழுதி வைக்க வேண்டிய சீட்டு மருந்துகள்) ரிஜிஸ்டர் எங்கே, அதில் நேற்று வரை எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். உங்கள் டூட்டியில் விற்றதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நேற்றைய விற்பனைக்கு இன்றைக்குக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். இன்னொன்று, புது ஆள் நிற்கிறார் என்றால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். "எப்பவும் இருக்கற அக்கா குடுப்பாங்களே" என்று சீட்டு இல்லாமல் வலி மாத்திரை, தூக்க மாத்திரை கேட்டு வருவார்கள். அந்த அக்கா வந்ததும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒருநாள் டூட்டிக் காசைக் கையில் ரொக்கமாகத் தருகிறார்கள். அதையும் வருமானவரிக் கணக்கில் காட்ட வேண்டுமா? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: காட்டத்தான் வேண்டும். கம்பெனி தருகிற சம்பள-வரிச் சான்றிதழில் அது வராது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். டூட்டி போன தேதி, கடை, வாங்கிய தொகை மூன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். அதே நோட்டு, கடைக்காரர் போன மாதம் இரண்டு நாள் பாக்கி வைத்ததைக் கேட்கவும் உதவும்.