புழு விழாத கத்திரியும் செம்பனை வண்டும்

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் கத்திரி போட்டிருக்கிறேன். காய்க்குக் காய் புழு. எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பி, தன் ஊரில் புழு விழாத பிடி கத்திரி விளைகிறது என்கிறார். அந்தச் செடி இங்கே வந்தால் தேனீயும் செம்பனைப் பூ வண்டும் செத்துப்போகாதா?
- வாசகி, தெலுக் இந்தான்

பதில்: அந்தத் தம்பி சொன்னது உண்மைதான் அம்மா. 2014 முதல் அங்கே விவசாயிகள் பிடி கத்திரி போடுகிறார்கள். இந்தியாவில் 2010-இல் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

மண்ணில் வாழும் பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக Bt, அதாவது 'பிடி') என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்த்திருக்கிறார்கள். அதனால் செடியே ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. காயைத் துளைக்கும் புழு அதைத் தின்றதும் புரதம் குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடும். புழு தின்பதை நிறுத்திவிட்டுச் சாகும். அந்தப் புரதம் ஒட்டுவதற்கான இடம் தேனீயின் குடலில் இல்லை, வண்டின் குடலிலும் இல்லை. ஆனால் வண்டு இனத்தைக் கொல்லும் வேறு புரதங்களும் உண்டு. அதனால் எந்தப் புரதம் என்று கேட்காமல் 'பிடி நல்லது', 'பிடி கெட்டது' என்று பேசக்கூடாது.

செம்பனை வண்டைப் பற்றி நீங்கள் பதறுவது நியாயம். 1981-இல் செம்பனைப் பூவில் மகரந்தம் பரப்பக் காமரூன் நாட்டு வண்டை இங்கே மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் ஆள் வைத்துக் கையால்தான் மகரந்தம் தூவினார்கள்.

நான் தோட்டத்தில் பூச்சிக் கணக்கெடுத்த காலத்தில் உலாட் புங்குஸ் என்ற பைப்புழு விழுந்த செம்பனை மட்டையை வெட்டிப் புரட்டிப் பார்ப்போம். இலைத்துணுக்குகளை நூலால் இழைத்த சின்னப் பைகள் அடிப்புறத்தில் தொங்கும். பிரித்தால் புழு இருக்கும், சிலதில் புழுவைத் தின்று வளர்ந்த குளவிக் குஞ்சு இருக்கும். கண்ட மருந்தை அடித்தால் இரண்டும் சாகும். இதே பாக்டீரியாவைக் கரைத்து அடித்தால் புழு மட்டும் விழும். எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் புழுவை நம்பியே வாழும் குளவி, புழு குறைந்தால் தானும் குறையும். வடசீனாவில் பிடி பருத்தி வந்து மருந்தடிப்பு குறைந்ததும் பொறிவண்டும் சிலந்தியும் பெருகி அசுவினியைத் தின்றன. நல்லதுதான். அப்புறம், முன்பு மருந்தில் அடங்கிக் கிடந்த மிரிட் என்ற சாறுறிஞ்சும் பூச்சி தலைதூக்கியது. பிடி புரதம் அதைத் தொடாது.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. இந்தியாவில் பிடி பருத்தி வந்தது 2002-இல். சில ஆண்டுகளிலேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தாங்கப் பழகிவிட்டது. பக்கத்தில் சாதாரணப் பருத்தியும் கொஞ்சம் நட்டிருந்தால், அங்கே வளரும் பழகாத பூச்சிகளோடு கலந்து இந்த வேகம் தணிந்திருக்கும். பலர் நடவில்லை. அமெரிக்காவில் அப்படி நட்டார்கள், பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள். 2018-இல் அந்தப் புழு அங்கே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

தம்பியிடம் சொல்லி விதை வரவழைத்துவிடாதீர்கள். உயிரிப் பாதுகாப்புச் சட்டம் 2007-இன்படி மரபணு மாற்றிய செடியை அனுமதி இல்லாமல் நடக்கூடாது. இப்போதைக்கு, வாடித் தொங்கும் குருத்தை உடனே கிள்ளுங்கள், உள்ளே புழு இருக்கும். துளை விழுந்த காயையும் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். செடியடியிலேயே வீசினால் புழு மண்ணுக்குப் போய்க் கூடு கட்டிவிடும். பூவில் தேனீ மேயும் காலை நேரத்தில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.